எட்டு காக்கிச் சட்டைகள்

அப்துல் கையூமுக்கு மார்பு முப்பத்துநாலு, தோள் பதினாறரை, கை நீளம் இருபத்துநாலு. இருபத்தாறு வயதில் அவன் உடம்பு அவ்வளவுதான். இந்த எண்களை அவனுடைய அண்ணன் அப்துல் சுபஹான் நோட்டைப் பார்க்காமலே சொல்லுவார். செங்கல்பட்டு ரயிலடிக்கு எதிர்ச்சந்தில் அவருக்குத் தையல் கடை. அத்தா இறந்தபோது தம்பிக்கு எட்டு வயது. அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் தம்பியை நிற்க வைத்து அளவெடுத்து, தானே வெட்டி, தானே தைத்துப் போட்டவர் அவர்.

சுபஹான் ஐந்தாவதோடு நின்றவர். கையூம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான், அதுவும் முதல் தடவையிலேயே. கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி வருகிறவர்கள்கூடத் தம்பியின் இங்கிலீஷ் மார்க் அறுபத்தொன்று என்பதைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "பாயி, போன மாசமே சொல்ட்ட" என்றாலும் விடமாட்டார்.

திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஒரு கல் குவாரியில் கையூமுக்கு டைம்கீப்பர் வேலை கிடைத்தது. காலையில் விசில் ஊதி ஆள் கணக்கு எடுக்க வேண்டும், சாயங்காலம் மறுபடி எடுக்க வேண்டும். வெடி வைக்கும்போது கை போனவர்கள், கண் போனவர்கள் பெயரை மறுநாள் ரிஜிஸ்தரிலிருந்து அடிக்கச் சொன்னார்கள். அவன் அடிக்கவில்லை. பெயருக்கு நேரே 'வேலையில் காயம்' என்று எழுதி, தேதி போட்டான். பிறகு அவர்களுக்காக மனு எழுதத் தொடங்கினான். ஒரு மனுவுக்கும் பதில் வராததால் நேரிலேயே போவது என்று முடிவாயிற்று.

1976, பொங்கல் கழிந்த வாரம். கையூம் கடைக்கு வந்து வெட்டு மேஜை ஓரமாக நின்றான்.

"அண்ணாத்தே, எட்டு சட்ட வோணும். வர்ற திங்கக்கெழமைக்குள்ள."

"யாருக்குடா? கண்ணாலமா?"

"லேபர் ஆபீசரைப் பாக்கப் போறோம். போன தபா சின்னையனும் கை போனவனுங்களும் வெறும் துண்டோட வந்தானுங்க. பியூன் வாசல்லயே நிறுத்திட்டான். சட்ட போட்டவன் மட்டும் உள்ள வான்னுட்டான். அப்பறம் நான் மட்டும் உள்ள போயி இன்னாத்த பேசறது? கை போனவன் வெளிய நிக்கறான்."

பள்ளிக்கூட யூனிபாரத்துக்கு வாங்கியதில் காக்கித் துணி நிறைய மிச்சம் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு பேரும் கையூமும் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். ஏழாவது ஆள் சின்னையன். குவாரிக்குப் பக்கத்துக் காலனியில் அம்மா சந்திரம்மாவோடு இருந்தவன். பாறைத் துண்டுகளைத் தோளில் சுமந்து லாரியில் ஏற்றுவது அவன் வேலை. டேப்பைத் தோளில் வைத்த சுபஹான் இரண்டாம் முறையும் அளந்து பார்த்தார். வலது தோள் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது.

"இன்னாடா, ஒரு பக்கம் சாஞ்சிகினு கீற?"

"பதிமூணு வயசுலேர்ந்து கல்லு அங்கதான் குந்திகினு கீது, பாயி. எறங்கமாட்டேன்னுது."

எல்லாரும் சிரித்தார்கள். வலது தோளுக்குள் இரட்டைக் கான்வாஸ் துணி கொடுத்து இறக்கத்தை ஈடுகட்டினால் சட்டை ஒரே மட்டமாக நிற்கும் என்று சுபஹான் குறித்துக்கொண்டார். அளவு நோட்டில் அவர் ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள்தான் எழுதுவார். பெயர், தகப்பன் பெயர், ஊர், அதன் கீழே அளவு. ஒரு முறை இரண்டு முனுசாமிகளின் சட்டை மாறிப்போனதிலிருந்து அவருக்கு அது வழக்கம்.

சட்டையின் தோளில் பட்டை வைத்தது அவருடைய யோசனை. யாரும் கேட்கவில்லை. தம்பி தலைமையில் எட்டுப் பேர் ஓர் ஆபீசுக்குள் போகிறார்கள், சாதாரணமாகப் போனால் எப்படி? ஒவ்வொரு சட்டைக்கும் இரண்டு தோளிலும் பட்டை, மார்பில் மூடி வைத்த இரண்டு பாக்கெட். மூன்று நாள் தூங்காமல் தைத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் கையூம் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமலே ஓடி வந்தான்.

"பெஞ்சு போட்டாங்க அண்ணாத்தே! எட்டு பேரும் குந்தினோம்! அந்தப் பியூனு இல்ல, நாங்க உள்ள நொழஞ்சதும் எழுந்து நின்னு சல்யூட் வெச்சிட்டான். போலீசுன்னு நெனச்சிகினான்!"

அன்றைக்கு சுபஹான் டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் இதைச் சொன்னார்.

மார்ச் மாதம் குவாரியின் மருந்து அறையிலிருந்து வெடிமருந்துக் குச்சிகள் கொஞ்சம் காணாமல் போயின. எமர்ஜென்சி நாள். தீவிரவாதிகளைப் பிடிக்க என்று வெளியூரிலிருந்து ஒரு தனிப்படை வந்து இறங்கியது. முதல் வாரத்திலேயே யாரோ அவர்களிடம், குவாரியில் எட்டுப் பேர் காக்கி உடுப்பில் படை மாதிரி திரிந்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் நேராகத் தையல் கடைக்கு வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"தோள்ல பட்டை வெச்சு எட்டு யூனிபாரம் தெச்சது நீங்கதானா?"

"யூனிபாரம் இல்ல சார், சட்ட. ஒளிவு மறைவே கெடையாது. யார் யாருக்குன்னு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்" என்று சுபஹான் தானே அலமாரியைத் திறந்து அளவு நோட்டை எடுத்தார். பக்கத்தையும் தானே பிரித்துக் காட்டினார். சுத்தமாக எழுதிய நோட்டு ஒருவனைக் காப்பாற்றும் என்று அவர் நம்பினார். அவருடைய தொழிலில் அது எப்போதும் காப்பாற்றியிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் நிதானமாக எட்டுப் பக்கமும் படித்தார். "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று நோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்று இருட்டுவதற்குள் எட்டுப் பேரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால், அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள். கோர்ட்டில் கேட்டால் ரிமாண்டு இல்லை. சப்‑ஜெயில், பெரிய ஜெயில் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. சுபஹான் விடவில்லை. கோர்ட்டு வாசலில் மனு எழுதும் ஜானகிராமனிடம் போனார். கலெக்டருக்கும் மேலே உள்ளவர்களுக்கும் தந்தி கொடுத்தார், பதிவுத் தபால் போட்டார், ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்தார். பத்து நாளுக்கு ஒரு முறை மறுபடி.

ஒரு நாள் சந்திரம்மா கடைக்கு வந்தாள். படியேறாமல் தெருவிலேயே நின்றாள்.

"பாயி, எம் புள்ள எங்க கீறான்னு எழுதிக் கேக்கறியாமே. அவம் பேரையும் சேத்துப் போடு. எனக்கு எழுதத் தெரியாது. எழுதித் தர ஆளும் இல்ல."

"போடறேம்மா" என்றார். அன்றைக்கே ஜானகிராமனிடம் சொல்லவும் செய்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரு பேரு போட்டா அது அண்ணன் தம்பியைத் தேடறது. ரெண்டு பேரு போட்டா கும்பலாயிடும் பாய். உங்க தம்பி வரணும்னா அவன் பேரோட நிறுத்துங்க." சுபஹான் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு சந்திரம்மா கேட்டபோதெல்லாம், "போட்டிருக்கேம்மா" என்றார்.

மே மாதம் தாவீது திரும்பி வந்தான். எட்டில் அவன் ஒருவன். அவனை விட்டதற்குக் காரணம் யாருக்கும் தெரியவில்லை. அவன் வீட்டுக்குப் போன சுபஹானுக்கு, பாயில் கிடந்தவனை முதலில் அடையாளம் தெரியவில்லை. உள்ளங்கால் இரண்டும் வாழைப்பூ நிறத்தில் வீங்கியிருந்தன. அவனுடைய மனைவி மார்கரெட் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மாபலிபுரத்துக்குத் தெக்கால, சவுக்குத் தோப்புக்குள்ள ஒரு பங்களா, பாயி. கண்ணக் கட்டிதான் இட்டுகினு போனாங்க. ஆனா கடல் சத்தம் கேக்கும். பெஞ்சுல படுக்க வெச்சு, தொட மேல உலக்கைய வெச்சு, ரெண்டு பக்கமும் ஆள் ஏறி நின்னு உருட்டுவானுங்க. எலும்புலேர்ந்து சதை தனியா பிரியறது தெரியும். வெடிமருந்து எங்கடா? எங்கடா? எனக்கின்னா தெரியும்?"

"கையூமு?"

தாவீது மார்கரெட்டைப் பார்த்தான். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"காலைல ஒன் நோட்டைத்தான் தொறப்பாங்க, பாயி. பேரு சொல்லிக் கூப்புட மாட்டானுங்க. 'மார்பு முப்பத்தாறு, எவன்டா?' அப்டீம்பான். சிரிப்பானுங்க. முப்பத்தாறு நான். முப்பத்துநாலுன்னு கூப்பிட்டா ஒன் தம்பி எழுந்து போவான். நான் வர்ற வரைக்கும் உசுரோடதான் இருந்தான். எங்க எல்லாரையும் விட்டுடு, நான் எழுதித் தரேன்னு கத்துவான்."

சுபஹான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாவது நாள் போய் டேப்பைக் கையில் எடுத்தார். ஒருவர் தோளில் வைத்ததும் எண் வாயில் வரவில்லை.

ஜூன் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கடை முன் ஜீப் வந்து நின்றது. சதுரங்கப்பட்டினத்தில், இடிந்த கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளிக் கடற்கரையில் இறக்கினார்கள். ஓலைப்பாய் மேல் ஒரு உடம்பு கிடந்தது. கரையில் ஒதுங்கியது என்றார்கள். முகம் என்று ஒன்றும் இல்லை. மேலே காக்கிச் சட்டை. இரண்டு தோளிலும் பட்டை.

சுபஹான் பாய்க்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். கையை நீட்டி வலது தோளைத் தொட்டார். விரல் கனத்தை உணர்ந்தது. உள்ளே இரட்டைக் கான்வாஸ். அவரே வைத்துத் தைத்தது.

"ஒங்க தம்பி. பிடிபடாம ஓடிப்போயி கடல்ல விழுந்திருக்கான்" என்று இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். "அடையாளம் சொல்லி, கையெழுத்துப் போட்டு எடுத்துக்குங்க."

"இது என் தம்பி இல்ல சார்."

இன்ஸ்பெக்டர் தன்னோடு நின்ற கான்ஸ்டபிள் ராமானுஜத்தைத் தள்ளிப் போகச் சொன்னார். பிறகு குந்தி உட்கார்ந்து, நெருங்கின உறவுக்காரர் மாதிரி தாழ்ந்த குரலில் பேசினார்.

"எனக்கும் தெரியும் பாய். ஆனா நீங்கதான ஊர் முழுக்கத் தந்தி கொடுத்துட்டீங்க. மேலேர்ந்து கேக்கறாங்க. கையூம்ங்கறவன் எங்கன்னு ஒரு பதில் நான் எழுதணும். இது அவன்னு போட்டா, கேஸ் முடிஞ்சுது. முடிஞ்ச கேசுல எவனும் ஆள் தேடமாட்டான். நானே அவனை பம்பாய் ரயில்ல ஏத்திடறேன். ரெண்டு வருஷம் தலைமறைவா இருக்கட்டும். இல்லன்னா நீங்களே சொல்லுங்க, அவன நான் எங்க வெச்சுக்கறது?"

சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கையூமின் எழுத்துதான். கோணிப்போயிருந்தது, ஆனால் அவன் எழுத்து. 'அண்ணாத்தே, நான் இருக்கிறேன். இவர்கள் சொல்கிறபடி கேளுங்கள்.'

"எப்ப எழுதினது?"

"இன்னிக்குக் காலைல."

சுபஹான் துண்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பாயில் கிடந்த இந்தப் பிள்ளைக்காக யாரும் தந்தி கொடுக்கவில்லை. அதனால்தான் இவனை எடுத்து வந்திருக்கிறார்கள். அது அவருக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி, ஒன்றும் விடாமல்.

மையித்தைத் தானே ஒருவனாகக் குளிப்பாட்டுவதாகச் சொன்னார். உருக்குலைந்த உடம்பு என்பதால் பள்ளிவாசல் ஆட்களும் வற்புறுத்தவில்லை, மறைப்பாகக் கட்டிய சீலைக்கு வெளியே நின்றார்கள். சுன்னத் செய்யாத உடம்பு. தொடையில் சதை கருத்துக் கன்றியிருந்தது. கைவிரல் நகங்களில் நான்கு இல்லை. தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொரு காயத்தையும் பார்த்தார், ஒவ்வொன்றையும் பார்த்துத் தம்பியை நினைத்தார். பிறகு கபன் துணியில் தலையையும் காலையும் முடிந்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிட்டார். செங்கல்பட்டு மையவாடியில், அப்துல் கையூம் என்ற பெயரில், சின்னையனை அடக்கம் செய்தார்கள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு சந்திரம்மா வந்தாள். காலனியிலிருந்து நடந்தே வந்திருந்தாள். சுபஹானின் மனைவி லத்தீஃபா உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். சந்திரம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏழைக்குப் பேச ஒரு ஆளு இருந்தியே, ராசா! எம் புள்ள வந்து, எங்க அண்ணன் எங்கன்னு கேட்டா நான் இன்னாடா சொல்வேன்!"

பக்கத்து அறையில் சுபஹான் நின்றிருந்தார். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் ஆறடி இருக்கும். சொன்னால் அவள் சும்மா இருக்க மாட்டாள். அவள் கத்தினால் காகிதம் பொய்யாகும். காகிதம் பொய்யானால் கையூம் ரயிலேற மாட்டான். அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பார்த்தவர்கள் தம்பிக்காக அழுகிறார் என்றார்கள்.

பம்பாயிலிருந்து கடிதம் வரவில்லை. பயந்துகொண்டு எழுதாமல் இருப்பான் என்று நினைத்தார். நாற்பதாம் நாள் போயிற்று. பெருநாள் போயிற்று. அந்தப் பெருநாளைக்கும் முப்பத்துநாலு மார்புக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்தார். லத்தீஃபா கேட்டாள், "மவுத்தானவனுக்கு எதுக்குங்க?" அவர் பொத்தானைத் தைத்து முடித்தார். அவளிடமும் அவர் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் ஆட்சி மாறியது. ஜெயில்களைத் திறந்தார்கள். மாலை போட்டு ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். சுபஹான் ஒரு வாரம் சென்ட்ரல் ஸ்டேஷனில் பம்பாய் வண்டி வந்து நிற்கும் பிளாட்பாரத்திலேயே கிடந்தார். இறங்குகிற ஒவ்வொருவரின் தோளையும் பார்த்தார்.

ஏப்ரலில், அன்று கடற்கரையில் நின்ற கான்ஸ்டபிள் ராமானுஜம் கடைக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாயி, நீ பம்பாய் வண்டிக்குப் போறன்னு சொன்னாங்க. போவாத."

சுபஹான் மெஷினிலிருந்து காலை எடுத்தார்.

"நீ கையெழுத்து போட்ட அன்னிக்கு சாயங்காலம். நான் அந்த பங்களா வாசல்ல காவலு. அதுவரைக்கும் ஒன் தம்பிய ஜாக்கிரதையாதான் அடிச்சானுங்க. தந்தி வந்துகினே இருந்துச்சே, எவனாச்சும் வந்து காட்டுன்னா காட்டணும்ல? செத்துட்டான்னு காகிதம் வந்தப்பறம் இன்னா பயம்? படகுல ஏத்திகினு போனாங்க. எங்க போட்டாங்கன்னு சத்தியமா தெரியாது."

அவர் போனார். மெஷினில் ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றிருந்தது.

எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரிக்க அதிகாரி ஒருவர் வந்திருப்பதாகவும், புகார் வாங்குவதாகவும் ஜானகிராமன் சொன்னார். சுபஹான் போனார். குமாஸ்தா கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"அப்துல் கையூம். கடலில் மூழ்கி இறப்பு. அண்ணன் அடையாளம் காட்டி, பெற்றுக்கொண்டு அடக்கம். நீங்கதானே கையெழுத்து?"

"நான்தான். ஆனா அது அவன் இல்ல."

"அப்ப யாரு?"

சுபஹான் காகிதத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"அது யாருன்னு நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் உங்க தம்பி கேசே ஆரம்பிக்கும். நாளைக்குக் கடைசி நாள்" என்றார் குமாஸ்தா.

மறுநாள் அந்த ஆபீசில் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருந்தது. சுபஹான் அங்கிருந்தே நேராகக் காலனிக்கு நடந்தார். சந்திரம்மா வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வா பாயி. ஜெயிலுலேர்ந்து எல்லாரும் வந்துகினே கீறாங்களாம். எம் புள்ள பேரு லிஸ்டுல வந்துச்சா?"

அவர் நின்றபடியே சொன்னார். நோட்டைத் தானே எடுத்துக் கொடுத்ததிலிருந்து தொடங்கினார். தந்தியில் சின்னையன் பெயரைப் போடாததைச் சொன்னார். கடற்கரையைச் சொன்னார், கையெழுத்தைச் சொன்னார், ராமானுஜம் வந்து சொன்னதையும் சொன்னார். எதையும் விடவில்லை. அவள் கையில் கீரைக்காம்பு இருந்தது. கேட்டு முடிக்கும்வரை அதைக் கீழே போடவில்லை.

"குளிப்பாட்டுனது யாரு?"

"நான்தான்மா."

"காயம் இருந்துச்சா?"

அவர் தலையை அசைத்தார்.

"ஒன் வூட்டுல குந்திகினு அழுதேனே" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "எம் புள்ள அதுக்கு மூணு நாளைக்கி முன்னாடிதான் மண்ணுக்குள்ள போயிருக்கான். நான் ஒன் தம்பிக்கு மாரடிச்சிகினு இருந்தேன். நீ உள்ள நின்னுகினு கேட்டுகினு இருந்த. ஒரு வார்த்த சொல்லலியே, பாயி. ஒரு வருசமா தெனிக்கும் ராவுல ஒரு பிடி சோறு எடுத்து மூடி வெக்கிறேன்."

"என்னை இன்னா வேணும்னாலும் பண்ணும்மா."

"ஒன்னய இன்னா பண்றது. எங்க கீறான், காட்டு."

நாலு மைல். அவர் முன்னால், அவள் பத்தடி பின்னால். மையவாடி வாசலில் காவலாள், பொம்பளை உள்ளே வரக்கூடாது என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுபஹானின் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டான். கிழக்கு ஓரத்தில், வேப்பங்கன்று நட்ட கபருக்கு எதிரே அவர் நின்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் வந்து தண்ணீர் ஊற்றிய இடம். பத்து மாசம் ஊருக்காக ஊற்றினார். இந்த ஏப்ரலிலிருந்து, தம்பி செத்துவிட்டான் என்று தெரிந்த பிறகு, அவனுக்கு ஊற்ற வேறு இடம் இல்லாமல் ஊற்றினார்.

சந்திரம்மா மண் மேட்டின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை மண்ணில் வைத்து, வலது பக்கமாக மெல்லத் தடவினாள்.

சுபஹானும் உட்காரப் போனார்.

"நீ குந்தாத, பாயி" என்றாள் அவள், திரும்பாமலே. "நீ போ. ஒன் தம்பியப் போயித் தேடு."

அவர் வாசல்வரை வந்தார். ரோட்டில் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார். மாபலிபுரம் பஸ் வந்து, அவருக்காக நின்று, கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதிப் பார்த்த பிறகு போய்விட்டது.